பவுடர் பூசிய எஞ்சின்

எங்கள் வாசலில் கார் எஞ்சின் ஒயில் சொட்டிய கதையைச் சொல்வதென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தப்பு யார் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிற வாய். அந்தக் கார் விஷயத்தில் மூன்று மாதம் நான் சொன்ன தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டுக்காரருக்கு வேலை தெரியாது.

உண்மையில் அவர் வேலை தெரியாதவர் இல்லை. நாங்கள் இருப்பது கஹவத்தைக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தோட்டத்தில். பெக்டரியில் உறைந்த பாலை அழுத்தி நீளத் தாளாக எடுக்கிற றோலர் மெஷின் அவர் பொறுப்பு. அவருடைய வயதைவிட அந்த மெஷினுக்கு வயது அதிகம். அது நின்றுபோனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓடாத எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இருக்காது. முன்பு தோட்டத்தில் வேலை பார்த்த ஓர் ஐயாவின் பங்களாக் கொட்டகையில் நாலைந்து வருடமாகப் படங்கு போர்த்திக் கிடந்த காரை அவர் கண்டதும் அப்படித்தான்.

அது ஒரு சின்ன ஜப்பான் கார். எஞ்சினும் சின்னது. ஆனால் மலை ஏறும்போது அந்த எஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்றை ஊதிக் கொடுக்க ஒரு டேர்போ இருந்தது. நாட்டுக்குள் புது வாகனங்கள் வராமல் நின்று, பழைய வாகனங்கள் எட்டாத உயரத்துக்குப் போயிருந்த காலம். ஓடாத கார் என்பதால்தான் அது எங்கள் கைக்கு எட்டியது. தோட்டத்து டிரக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து லயத்தின் கடைசியில், எங்கள் வீடான காம்பராவை ஒட்டி, நாலு தகரத்தின் கீழே நிறுத்தினார். ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதன் வயிற்றுக்குள்ளேயே போயின. கடைசியில் ஒரு நாள் அது இருமி, புகை விட்டு, ஓடத் தொடங்கியபோது லயமே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. நானும்தான் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அதை மட்டும் என் வாய் சொல்லவில்லை.

அந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு கார் ஒழுக ஆரம்பித்தது. முதலில் எஞ்சினின் தலைமூடியில் ஒரு மூலை லேசாகக் கசிந்தது. அவர் மூடியைக் கழற்றி, கேஸ்கட் மாற்றி, துடைத்து மூட்டினார். இரண்டு நாள் வாசல் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் வேறோர் இடத்தில் கறை. இந்தத் தடவை டேர்போவிலிருந்து ஒயில் திரும்பி வருகிற குழாயின் மூட்டு. அதையும் கழற்றினார், பூட்டினார். பிறகு எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவிலிருந்து சொட்டியது. அங்கே ஒயிலைத் தடுக்கிற சீல் வளையத்தை மாற்ற கியர் பொக்ஸையே இறக்க வேண்டும். இரண்டு ஞாயிறு அதற்குப் போனது. ஏற்றி முடித்து, கறுத்த கையோடு சோற்றுக்கு உட்கார்ந்தவர், அடுத்த ஞாயிறு மறுபடியும் தலைமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெக்டரியிலயும் இப்பிடித்தான் வேல பாக்கிறீங்களா? மெஷின் ஒழுகினா தொர சும்மா விடுவாரா?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு இவ்வளவு வாய் கெடையாது" என்றார், தலையை நிமிர்த்தாமலே. நாங்கள் பேசிக்கொள்கிற விதம் அப்படித்தான். அதுவரை அதில் விஷம் இருக்கவில்லை.

பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் அதே தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டியவரின் மகள். வெளிவாரியாக, வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டு, பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பித்து விண்ணப்பித்து, அதை நானே மறந்துபோன நேரத்தில் ஆசிரியர் நியமனம் வந்தது. விஞ்ஞானப் பாடம். றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

கடிதத்தை அவர் இரண்டு தடவை வாசித்தார். "அப்ப இனிமே டீச்சர்னு கூப்பிடவா?" என்று கேட்டார்.

"போய்க் கையெழுத்துப் போடுற வரைக்கும் அந்தப் பேச்சே வேணாம். கண்ணு பட்டுரும்."

கண் படுவதற்கு முன்னே பஸ் குறுக்கே வந்தது. எங்கள் சந்தியில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும், றக்வானையில் இறங்கி மலைக்கு மாறி, பள்ளிக்கூடத்தில் மணி அடித்து முக்கால் மணிநேரம் கழித்துத்தான் போய்ச் சேரலாம். அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. ஆனால் ஆறு மணிக்கு அவர் பெக்டரியில் நிற்க வேண்டும். மலையிலேயே அறை எடுத்துத் தங்கினால் கிழமையில் ஐந்து நாள் மகளைப் பிரிந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்போது நாலு வயது. என்னால் முடியாது என்று எனக்கே தெரியும். கார் இருந்தால் காலையில் போய், தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா மூடுகிற நேரத்துக்குத் திரும்பி, நானே அவளைக் கூட்டி வரலாம். லைசன்ஸ் என்னிடம் இருந்தது. ஆக, கார் மலை ஏறினால் எனக்கு வேலை, ஏறாவிட்டால் புத்தகக் கடை.

அன்றிலிருந்து என் பேச்சில் விஷம் சேர்ந்துவிட்டது. அவர் கறையைத் துடைக்கும்போதெல்லாம் நான் கலண்டரைப் பார்த்தேன். அவர் கேட்கும்படியாகவே நாட்களை எண்ணினேன். வேறு வீட்டு ஆம்பிளைகள் ஓடுகிற காராக வாங்குகிறார்கள் என்று ஒரு நாள் சொன்னேன். எங்கள் லயத்தில் கார் உள்ள வேறு வீடே கிடையாது. ஆத்திரம் வந்தால் எனக்கு எல்லா வீடும் வேறு வீடுதான்.

லீவுக்கு முந்தின கிழமை கஹவத்தை டவுனில் உள்ள ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக், சிங்கள பாஸ், நல்ல மனிதர், நிதானமானவர். எஞ்சினை முறுக்கச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் போய் நீலப் புகையைப் பார்த்தார். ஒழுகுகிற இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "மே எஞ்சின் எக்க இவரய், மிஸ்" என்றார் என்னைப் பார்த்து. இந்த எஞ்சின் முடிந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்கி, உள்ளே அழுத்தம் கூடி, கிடைத்த வழியால் எல்லாம் ஒயிலைத் தள்ளுகிறது என்று சிங்களத்தில் விளக்கினார். வருடப்பிறப்புக்குக் கராஜைப் பூட்டி ஊருக்குப் போகிறாராம். வந்த பிறகு எஞ்சினை இறக்கிப் பார்க்கலாம் என்றார். அவர் வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும்.

காம்பராவுக்கு வந்து வீட்டுக்காரர் காலைக் கழுவிக்கொண்டே, "வளையம் எல்லாம் நான் பாத்துத்தானே போட்டேன். எங்க பெசகினேன்னு தெரியல்ல. எனக்கு இது வரல்ல புள்ள" என்றார். அவ்வளவுதான். என் வாய்க்கு நல்ல தீனி அது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் காலைத் துடைக்கத் துணியை எடுத்துக் கொடுத்தேன். எந்த மெஷினையும் பார்த்துப் பயப்படாத மனிதர், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் ஒரு கடிதம் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த நியமனத்தை ஏற்க முடியவில்லை என்று நாலு வரி. உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

எழுதிய பிறகும் மனம் கேட்கவில்லை. நான் படித்தது விஞ்ஞானம். பிள்ளைகளுக்கு, பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்லுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். வீட்டில் ஓர் எஞ்சின் மூன்று மாதமாக ஒழுகுகிறது, நான் செய்தது குறை சொன்னது மட்டும்தான், ஒரு நாள்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. வருடப்பிறப்பு முடிந்த மறுநாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் எடுத்து எஞ்சினைத் தேய்த்தேன். பழைய ஒயிலும் சிவப்பு மண்ணும் சேர்ந்து பிடித்த அழுக்கு அடை அடையாக வந்தது. துடைத்துக் காய விட்டேன். பிறகு மகளின் முகத்துக்குப் போடுகிற பவுடர் டின்னை எடுத்து வந்து ஒவ்வொரு மூட்டிலும் தூவினேன். எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கறை காட்டும், முதலில் எங்கே தொடங்குகிறது என்று பிடித்துவிடலாம். கீழே ஒரு காட்போட் மட்டையும் விரித்தேன்.

மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். "எம் பவுடர எதுக்கு காருக்குப் போடுறீங்க? கார் ஸ்கூலுக்குப் போகப் போகுதா?"

"தெரியல்லடி" என்றேன். அவள் உள்ளே போய்ப் பொட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அதை மட்டும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

அரை மணிநேரம் எஞ்சினை ஓட விட்டோம். மட்டையில் ஒரு சொட்டு இல்லை. பவுடர் பூசியபடியே இருந்தது, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு நிற்கிற மாதிரி. வீட்டுக்காரருக்குப் பல நாளைக்குப் பிறகு குரல் வந்தது. "பாத்தியா? நிக்கையில ஒழுகல்ல."

"நின்ன எடத்துல பாடம் நடத்தச் சொன்னா நடத்திப்புடலாம்" என்றேன். ஆனால் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். நிற்கும்போது ஒழுகவில்லை. அப்படியென்றால் டேர்போ ஊத வேண்டும், எஞ்சின் முக்க வேண்டும். மலை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். மகளைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் விட்டோம். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அதிபரின் குவாட்டர்ஸ் இருப்பது எனக்குத் தெரியும். கார் ஏறிவிட்டால் மறுநாள் நான் வேலைக்குச் சேர்வேன். பாதியில் நின்றால் எப்படியாவது மேலே போய்ச் சேர்ந்து, பையில் இருக்கிற கடிதத்தை அதிபர் கையில் கொடுத்துவிடுவது. றக்வானை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தேயிலை தொடங்கி, ரோடு வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்ததும் டேர்போவின் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. நாலாவது வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் நீலப் புகை. அதற்கடுத்த வளைவில் ஒயில் தீய்கிற வாடை. ஓரமாக நிறுத்தினேன்.

பொனட்டைத் திறந்தோம். மூன்று மூட்டிலும் பவுடர் நனைந்து கறுத்திருந்தது. தலைமூடியைச் சுற்றிலும் கறை. டேர்போக் குழாயில் கறை. எஞ்சினின் பின்பக்கமும் அப்படித்தான். எது முதல், எது பிறகு என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே நேரத்தில். அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "பாஸ் சொன்னது சரி" என்றார்.

நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டியூஷனில் ஒரு பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பேன். எல்லாப் பிள்ளைகளும் அதே கணக்கில் பிழை விட்டால், சொல்லிக்கொடுத்த நான்தான் எங்கோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். இங்கே மூன்று மூட்டும் ஒன்றாக ஒழுகுகிறது. மூன்றையும் அவர் புதிதாகப் போட்டிருக்கிறார். மூட்டுகள் மீது பிழை இல்லை. வேறெங்கோ ஒன்று எல்லாவற்றையும் கெடுக்கிறது.

அப்போதுதான் ஒயில் அளவு பார்க்கிற கம்பியைக் கவனித்தேன். அது தன் குழாயிலிருந்து ஒரு விரல் அளவு மேலே எழும்பி நின்றது. அதன் கழுத்தில் சைக்கிள் டியூப் வெட்டி எடுத்த கறுப்புப் பட்டி ஒன்று கட்டியிருந்தது.

"இது என்னா கட்டு?"

"மல ஏறினா அந்தக் கம்பி மேல வந்துருது. அதான் கட்டி வச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் சனமே இப்படித்தான். இறப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு எது ஒழுகினாலும், எது கழன்றாலும் முதலில் கை போவது இறப்பருக்குத்தான். கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் பால் ஊற்றுவோம். தண்ணீர்க் குழாய் கசிந்தால் பட்டி கட்டுவோம். வாளி வெடித்தாலும், குடை கிழிந்தாலும், செருப்பு வாய் பிளந்தாலும் அதே வைத்தியம். கட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

"கம்பிய யாரு மேல தள்ளுறா?" என்று கேட்டேன்.

"உள்ள சேர்ற காத்துதான்."

"அந்தக் காத்து வெளிய போக வழி இல்லையா? சோத்துப் பானைக்குக் கூட மூடிய ஒதுக்கி வைக்கிறோமே."

"ஏன் இல்ல? தலமூடியிலருந்து ஒரு ஹோஸ் இருக்கு. அது சுத்திப் போயித் திரும்பவும் எஞ்சினுக்குள்ளதான் போகணும். அந்தச் சாமான் கெடைக்கல்ல. அதனால நீட்டிக் கீழ விட்டுட்டேன். காத்து அதால போயிரும். எப்பவாச்சும் ஒன்னு ரெண்டு சொட்டு ஒயிலும் விழும். அது ஒழுக்கு இல்ல, அப்பிடித்தான் இருக்கணும். மேல் முனைய நேத்தும் பாத்தேன், சரியாத்தான் இருக்கு."

கீழே விட்ட ஹோஸ். ஒன்றிரண்டு சொட்டு.

மார்கழி முடிகிற அந்தக் காலை அப்படியே கண்ணுக்கு முன்னே வந்தது. பொங்கலுக்கு முதல் நாள். வாசலைத் தேய்த்துக் கழுவிக் காய விட்டுவிட்டுப் பார்த்தால், கார் நிற்கிற பக்கம் கறுப்பாக இரண்டு சொட்டு. அவர் பெக்டரியில். குனிந்து பார்த்தேன். ஒரு ஹோஸின் வாயிலிருந்து சொட்டியது. ஏசிக்கொண்டே சிரட்டையில் ஒட்டிக் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பிய்த்து உருட்டி, அந்த வாயில் திணித்தேன். மேலே டியூப் பட்டியைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். வாசலைத் திரும்பக் கழுவிக் கோலம் போடப் போய்விட்டேன். அதோடு மறந்தும்போனேன். எங்கள் வாழ்க்கையில் நூறு இடத்தில் இப்படிக் கட்டியிருக்கிறோம், எதை என்று நினைவு வைப்பது?

இயற்கை இறப்பர் ஒயிலில் ஊறினால் உப்பும். அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்குத் திணித்த உருண்டை நாளுக்கு நாள் ஊதி, ஊதி, எஞ்சினின் மூச்சுக்குழாயை இறுக அடைத்திருக்கிறது. சும்மா நிற்கும்போது எஞ்சினுக்கு வேறு சிறு வழி ஒன்று உண்டாம், அதால் சமாளித்திருக்கிறது. மலை ஏறும்போது அந்த வழி தானாக மூடிக்கொள்ளும். காற்று பிறகு எங்கேதான் போகும்?

ஒரு நிமிடம் கெட்ட புத்தி வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவருக்குத் தெரியாமல் அதைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசிவிடலாம். கார் தானாகச் சரியானது போல இருக்கும். என் மூன்று மாத வாய் அப்படியே காப்பாற்றப்படும். அவர் கல்லில் இருந்தபடி காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கை முட்டி வரைக்கும் ஒயில் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. பொங்கலிலிருந்து அந்தக் கை அப்படித்தான் இருந்தது.

"எஞ்சின் ஆறட்டும். ஒங்க கத்தியக் குடுங்க, குறடும் வேணும்" என்றேன். சீட்டுக்குக் கீழே கிடந்த பால் வெட்டுகிற கத்தியை எடுத்துத் தந்தார்.

சூடு ஆறியதும் ஈர ரோட்டில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. என் முடிச்சு எனக்குத் தெரியும். ஒயிலும் மண்ணும் மூடி, ஹோஸோடு ஹோஸாக இருந்தது. பட்டியை அறுத்தேன். உருண்டையைக் குறடால் பிடித்து இழுத்தேன், வரவில்லை. திருகித் திருகி இழுத்ததும் போத்தல் திறக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஹோஸிலிருந்து கறுப்புச் சேறு ஒரு கை அளவு என் தோளில் கொட்டியது. எனக்கு வேண்டியதுதான்.

வெளியே வந்து உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். சுண்டைக்காய் அளவில் திணித்தது, நெல்லிக்காய் அளவுக்கு உப்பியிருந்தது. அவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இறப்பரைப் பார்த்தால் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஒட்டுப்பாலு. இது எப்பிடி ஹோஸுக்குள்ள?"

"நான்தான்."

"என்னா நீ?"

"பொங்கலுக்கு மொத நாள் வாசல்ல சொட்டுச்சு. நான்தான் அடச்சுக் கட்டினேன். மறந்துட்டேன். ஒங்க கையில ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என்னால வந்தது."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் புள்ள" என்றார் கடைசியில். "பெக்டரியில றோலரத் தொடக்கூட யோசிச்சேன். எங் கைய நானே நம்பல்ல."

"ஏசணும்னா ஏசுங்க."

"ஏசுறதுக்கு ஒன்னளவு எனக்கு வராது." எழுந்து வந்து என் தோளில் இருந்த சேற்றைத் துணியால் வழித்தார். "கம்பியக் கட்டினது நானு. அது சொன்னதக் கேக்காம வாயக் கட்டுனேன். நீ ஒன்னு கட்டின, நான் ஒன்னு கட்டினேன்" என்றவர், கம்பியில் இருந்த பட்டியைத் தானே அறுத்தார்.

மூட்டுகளைத் துடைத்தோம். குறைந்திருந்த அளவுக்கு ஒயில் ஊற்றினோம். கையோடு கொண்டுவந்திருந்த மகளின் டின்னில் மிச்சமிருந்த பவுடரை முழுக்கத் தட்டினேன். எஞ்சினைப் போட்டு, ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அவர் கையை வைத்தார். முன்பு முகத்தில் அடித்த காற்று இப்போது அடிக்கவில்லை என்றார்.

மிச்ச வளைவுகளை இரண்டாவது கியரில் ஏற்றினேன். ஒரு வளைவு தாண்டினால் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார், "பொக இல்ல" என்பார். முதலில் கொஞ்சம் இருந்தது, அது பழைய ஒயில் எரிகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு உண்மையிலேயே இல்லை. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, இறங்கிப் பொனட்டைத் திறந்தோம். டேர்போக் குழாய் வெள்ளை. பின்பக்கம் வெள்ளை. தலைமூடியில் ஒரே ஒரு மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறை. இவ்வளவு நாள் அழுத்தம் வாங்கிய கேஸ்கட், அதை அவர் மாற்றிக்கொள்வார்.

கீழே விரிக்க மட்டை கொண்டுவரவில்லை. கைப்பையைத் துழாவினால் அந்தக் கடித உறைதான் அகப்பட்டது. அதை ஹோஸுக்குக் கீழே வைத்தேன்.

"அது என்னா லெட்டர்?"

"தேவையில்லாதது" என்றேன். மேலே இருந்த விலாசத்தை அவர் வாசித்துவிட்டார். பள்ளிக்கூடத்து மதிலுக்கு மேலாக இருவரும் எட்டிப் பார்த்தோம். மைதானத்தில் புல் முளைத்திருந்தது. வகுப்பறைச் சுவரில் யாரோ இருதயத்தின் படம் வரைந்து, இடமும் வலமும் மாற்றி எழுதியிருந்தார்கள். முதல் வேலை அதைத் திருத்துவது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தபோது உறையில் ஒரு சொட்டு விழுந்திருந்தது, மகள் வைக்கச் சொன்ன பொட்டு மாதிரி.

மறுநாள் காலை தனியாகப் புறப்பட்டேன். அவர் பெக்டரிக்குப் போகுமுன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குக் கண் பட்டாலும் பரவாயில்லை என்று வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறினேன். மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது, வரவு இடாப்பில் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். பேனையைப் பிடித்த விரலில் ஒயில் கறை இருந்தது. அதிபரும் அதைப் பார்த்தார்.

இடைவேளைக்கு மணி அடித்து நான் காரடிக்குப் போனதும் ஃபோன் வந்தது. பெக்டரி மெஷினின் இரைச்சலுக்கு மேலாக வீட்டுக்காரர் கத்தினார்.

"ஒழுகுதா?"

இந்தத் தடவை கொண்டுவந்து காருக்குக் கீழே விரித்திருந்த மட்டையைக் குனிந்து பார்த்தேன். "ஒழுகுது."

"எங்க?"

"ஹோஸுக்குக் கீழ. ரெண்டே ரெண்டு சொட்டு."

அவர் சிரித்த சிரிப்பில் ஃபோனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"நல்லா ஒழுகட்டும்" என்றார். "கட்டிப்புடாதீங்க, டீச்சர்."